பேரவையில் "நிறைவேறிய" மசோதா இப்போது எந்த மேசையில் இருக்கிறது? தெரிந்துகொள்வது எப்படி?

பொருநைக்கரை:
"மசோதா நிறைவேறியது" என்று செய்தி வந்த அன்றே, புதிய சட்டம் வந்துவிட்டதாக எல்லா இடத்திலும் எழுதிவிடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து அரசிதழைத் தேடினால் அப்படியொரு சட்டமே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மசோதா துறையில் கிளம்பி நடைமுறைக்கு வரும்வரை எங்கெல்லாம் போகிறது, எங்கே மாட்டுகிறது என்று விவரமாகச் சொல்ல முடியுமா? இன்னொன்று: ஆளுநர் "திருப்பி அனுப்பினார்", "நிறுத்தி வைத்தார்", "குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்" என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். மூன்றும் ஒன்றா?

கோட்டைக்கொத்தளம்:
மூன்றும் வேறு வேறு. அதைப் பிறகு வருபவர்கள் சொல்வார்கள். நான் பேரவைக்குள் நடப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேரம் பிடிக்கும் வேலை பேரவைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். சம்பந்தப்பட்ட துறை கருத்துருவைத் தயாரிக்கும். செலவு உண்டு என்றால் நிதித் துறை ஒப்புதல் வேண்டும். வாசகத்தைச் சட்டத் துறை வரைந்து சரிபார்க்கும். அங்கே முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் எந்தப் பட்டியல் (ஒன்றியம், மாநிலம், பொது), அதில் எந்த வரிசை எண்? அதில் தடுமாறினால் பின்னால் வரும் எல்லாத் தடுமாற்றத்துக்கும் அதுவே வேர். அதன் பிறகு அமைச்சரவை ஒப்புதல், அச்சு, உறுப்பினர்களுக்குப் பிரதி.

பேரவையில் அமைச்சர் மசோதாவை அறிமுகம் செய்வார். எதிர்க்கட்சி "அறிமுக நிலையிலேயே எதிர்க்கிறோம்" என்று பதிவு செய்யலாம். அறிமுகத்தை அது தடுப்பது அபூர்வம், ஆனால் அவைக்குறிப்பில் ஏறும். அடுத்தது "ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்" என்ற தீர்மானம். விவாதம் நடப்பது இங்கேதான். பிறகு பிரிவு பிரிவாக ஓட்டு. திருத்தம் கொடுத்த உறுப்பினர் இருந்தால் அந்தப் பிரிவு வரும்போது எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் "நிறைவேற்ற வேண்டும்" என்ற தீர்மானம். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் சொல்லி முடிப்பதற்குள் பல மசோதாக்கள் தாண்டிவிடும்.

ஓட்டுக்கணக்கு: வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும், 234இல் பாதி தேவையில்லை. குறைந்தபட்ச வருகை பத்து பேர் அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அது. நமக்கு 24 பேர். மேலவை 1986 நவம்பர் 1 அன்று ஒழிந்ததால் இரண்டாவது அவை என்ற கட்டமே கிடையாது.

ஏற்போர்_ஆம்:
கொத்தளம் அண்ணே, ஒன்றை விட்டுவிட்டீர்கள். தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் வழி விதிகளில் இருக்கிறது, நம்ம ஊரில் அதைத் தொடுவதே அரிது. கேரளத்தில் மசோதா சாதாரணமாகவே துறைவாரிப் பொருள் குழுவுக்குப் போய் வரும். அங்கே வாசகத்தில் கை வைக்க எதிர்க்கட்சிக்கும் இடம் கிடைக்கிறது. இங்கே கூட்டத்தொடரின் கடைசி நாளில் கொத்தாக எடுத்து நிறைவேற்றுகிறார்கள்.

அதனால் என்ன ஆகும் என்பதற்கு 2023இல் வந்த தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) மசோதா. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. 24ஆம் தேதி அரசே அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் சொன்னார். குழுவில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் தொழிற்சங்கங்கள் கிளப்பிய அத்தனை ஆட்சேபமும் வாக்கெடுப்புக்கு முன்பே மேசைக்கு வந்திருக்கும். நேரம் மிச்சம் என்று பார்த்தால் நட்டம்தான்.

புதுவாசகன்:
சார், பணம் சம்பந்தப்பட்ட மசோதாவுக்கு ஆளுநரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்கிறார்களே, அது எந்தக் கட்டத்தில்?

கோட்டைக்கொத்தளம்:
அரசியலமைப்பின் பிரிவு 207. வரி, கடன் போன்றவை என்றால் ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அறிமுகமே செய்ய முடியாது. மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து செலவு வரும் மசோதா என்றால் ஆய்வுக்கு எடுக்கப் பரிந்துரை வேண்டும். வழக்கமாக இது சடங்கு போல நடக்கும். 2025 அக்டோபரில் சித்த மருத்துவப் பல்கலைக்கழக மசோதாவில் அது சடங்காக இல்லை. பரிந்துரையோடு ஆளுநர் சில கருத்துகளையும் அனுப்பினார். அவைக்கு வராத மசோதாவில் கருத்து சொல்ல அந்தப் பிரிவில் இடமில்லை என்று பேரவை அக்டோபர் 16 அன்று தீர்மானமே போட்டது.

பண மசோதா என்று பேரவைத் தலைவர் சான்றளித்துவிட்டால், நிறைவேறிய பின் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. மேலவை இல்லாத மாநிலத்தில் அந்தச் சான்றுக்கு மிச்சமிருக்கும் பெரிய பயன் இதுதான்.

ஷரத்து200:
இழையின் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். நிறைவேறிய மசோதா ஆளுநரிடம் போனதும் பிரிவு 200இன்படி இசைவு தரலாம், இசைவை நிறுத்தி வைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். பண மசோதா அல்லாததை, மறுபரிசீலனை செய்யுமாறு குறிப்போடு பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று அதற்குக் கீழே ஒரு வரம்புரை (நிபந்தனை வாசகம்). திருப்பி அனுப்பியதைப் பேரவை திருத்தத்தோடோ திருத்தமில்லாமலோ மீண்டும் நிறைவேற்றினால் அவர் இசைவை நிறுத்தி வைக்கக் கூடாது.

சண்டை எங்கே என்றால், "நிறுத்தி வைத்தல்" தனியாக நிற்குமா என்பதில். நிற்கும் என்றால் ஆளுநர் ஒரு வரி எழுதி மசோதாவைக் கொன்றுவிடலாம். 2023 நவம்பர் 10 அன்று பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிற்காது என்றது: நிறுத்தி வைத்தால் பேரவைக்குத் திருப்பியாக வேண்டும். தேதியை மனதில் வையுங்கள். மூன்றே நாளில், நவம்பர் 13 அன்று, தமிழ்நாட்டு ஆளுநர் பத்து மசோதாக்களுக்கு இசைவை நிறுத்தி வைத்தார். பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் சம்பந்தப்பட்டவை. மிகப் பழையது 2020இல் நிறைவேறியது. நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டத்தில் பத்தையும் பேரவை மறுபடி நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று பத்தையும் அவர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார்.

2025 ஏப்ரல் 8 தீர்ப்பு (நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன்) அந்த ஒதுக்கல் செல்லாது என்றது. முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள சிறப்பு அதிகாரமான பிரிவு 142ஐப் பயன்படுத்தி, பத்தும் 2023 நவம்பர் 18 அன்றே இசைவு பெற்றதாகக் கொள்ளச் சொன்னது. அமைச்சரவை ஆலோசனைப்படி நிறுத்தவோ ஒதுக்கவோ செய்தால் ஒரு மாதம், ஆலோசனைக்கு மாறாக என்றால் மூன்று மாதம், மறுபடி நிறைவேறி வந்தால் ஒரு மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம் என்று காலக்கெடுவும் வகுத்தது. ஏப்ரல் 11 அன்று பத்தும் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் அரசிதழில் சட்டமாக வெளிவந்தன.

பொருநைக்கரை:
அப்படியானால் இப்போது ஒரு மாதம், மூன்று மாதம் என்று எண்ணிக்கொண்டு உட்காரலாமா?

ஷரத்து200:
இல்லை. 2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதி அமர்வு பதில் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, இசைவு பெற்றதாகக் கொள்வது என்ற ஏற்பாடும் கூடாது. அதே கையோடு, திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்தி வைப்பதும் கூடாது என்றது. ஆக ஆளுநருக்கு வழி மூன்று: இசைவு, ஒதுக்கல், குறிப்போடு திருப்பி அனுப்புதல். காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால், "ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்" என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது.

ஏற்போர்_ஆம்:
அப்போ ஏப்ரலில் வந்த பத்துச் சட்டமும் காற்றில் தொங்குகிறது என்று நேராகச் சொல்லுங்களேன்.

ஷரத்து200:
அப்படிச் சொல்ல மாட்டேன் தோழர். பிரிவு 143இல் தருவது கருத்து, அது மேல்முறையீடு அல்ல. இரு தரப்புக்கு இடையே முடிந்த தீர்ப்பை ஒரு கருத்துரை கலைத்துவிடாது என்பது என் வாசிப்பு.

ஏற்போர்_ஆம்:
என் வாசிப்பு வேறு. அடித்தளமே தவறு என்று பெரிய அமர்வு சொன்ன பிறகு, அந்தச் சட்டங்களின் கீழ் போடும் ஒவ்வொரு நியமனமும் வழக்குக்கு அழைப்பு. கருத்துரை வருவதற்கு முன்பே, 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற விடுமுறைக்கால அமர்வு துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டதே. அரசிதழில் வந்த பிறகும் ஒரு சட்டம் அசையாமல் நிற்கலாம் என்பதற்காகவாவது அதைக் கணக்கில் எடுங்கள்.

ஷரத்து200:
தடையை மறுக்கவில்லை. தடையும் செல்லாமையும் வேறு. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை, நகர்வோம்.

அரசிதழ்ப்புழு:
நகர்வதற்கு முன், மசோதாவை எப்படிப் பின்தொடர்வது என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசிதழின் சிறப்பு வெளியீட்டில் பகுதி நான்கு, பிரிவு ஒன்றில் மசோதாக்கள் வரும். பிரிவு இரண்டில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். பிரிவு இரண்டில் வராதவரை அது சட்டம் அல்ல, செய்தித்தாள் என்ன சொன்னாலும்.

பிரிவு இரண்டில் வந்ததும் முதலில் மேலே இருக்கும் வரியைப் பாருங்கள். ஆளுநர் இன்ன தேதியில் இசைவு தந்தார் என்று இருக்கிறதா, குடியரசுத் தலைவரா? பின்னால் செல்லுபடி வழக்கு வந்தால் அந்த ஒரு வரியில்தான் பாதி வாதம் தொங்கும். அடுத்து ஒன்றாம் பிரிவின் உட்பிரிவுகள். "அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்" என்று இருந்தால் இன்னும் ஒரு அறிவிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். தேதி எதுவுமே சொல்லாவிட்டால் அரசிதழில் வெளியான நாளே தொடக்கம். விதிகள் போடாமல் ஓடாத சட்டம் என்றால் அதற்கும் தனியாகக் காத்திருக்க வேண்டும்.

எண்ணில் ஏமாறாதீர்கள். மசோதா எண்ணும் சட்ட எண்ணும் வேறு வேறு, இரண்டும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பெயரில் 2022 என்று இருக்கும், ஆனால் அது 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 9. இதைத் தெரியாமல் 2022 பட்டியலில் தேடினால் கிடைக்காது. தமிழ், ஆங்கிலம் இரண்டு வாசகமும் இருந்தால் வழக்குக்கு ஆங்கிலத்தை எடுத்து வையுங்கள். பிரிவு 348இன்படி அதுதான் செல்லும்.

புதுவாசகன்:
அந்தச் சூதாட்ட மசோதாவில் அவசரச் சட்டமும் இருந்ததே? மசோதா ஆளுநரிடம் இருந்தபோது அது பாதுகாப்பு தரவில்லையா?

கோட்டைக்கொத்தளம்:
அங்கேதான் ஓட்டை விழுந்தது. அவசரச் சட்டம் 2022 அக்டோபர் 1 அன்று பிறப்பிக்கப்பட்டது. பிரிவு 213இன்படி பேரவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான் அதற்கு ஆயுள். பேரவை அக்டோபர் 17 அன்று கூடியது, 19 அன்று மசோதாவை நிறைவேற்றியது. ஆறு வாரம் நவம்பர் கடைசியில் முடிந்தது, மசோதாவோ ஆளுநரிடமே இருந்தது. மாநிலத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரமில்லை என்ற காரணத்தோடு மார்ச் மாதம் திரும்பி வந்தது. 2023 மார்ச் 23 அன்று மறுபடி நிறைவேற்றம், ஏப்ரல் 7 அன்று இசைவு, 10 அன்று அரசிதழ். நவம்பர் முடிவிலிருந்து ஏப்ரல் 10 வரை அவசரச் சட்டமும் இல்லை, சட்டமும் இல்லை.

பேரவை கூடியதும் ஆறு வாரக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இசைவுக்குக் கடிகாரமே கிடையாது. அவசரச் சட்டத்தை நம்பி மசோதா கொண்டுவரும் எந்த அரசும் இந்த இடத்தில் மாட்டலாம். மறுபடி மறுபடி அவசரச் சட்டம் போட்டு ஓட்டலாம் என்றால் வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது. பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் போட்ட கதை அது.

இன்னொரு நுணுக்கம்: பேரவை "தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு" என்ற நிலையில் இருந்தால் கூட்டத்தொடர் இன்னும் உயிரோடு இருப்பதாகவே பொருள். ஆளுநர் கூட்டத்தொடரை முடித்துவைத்து ஆணை பிறப்பித்தால்தான் அவசரச் சட்டத்துக்குக் கதவு திறக்கும்.

ஷரத்து200:
சட்டத்துக்குப் பதிலாக அரசாணையில் காரியம் முடித்த கதையும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மசோதா 2020 செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது. இசைவு வராததாலும் கலந்தாய்வு நெருங்கியதாலும் அரசு பிரிவு 162இன் நிர்வாக அதிகாரத்தில் அக்டோபர் 29 அன்று அரசாணை போட்டது. மறுநாளே இசைவு வந்துவிட்டது! ஆனால் எல்லா இடத்திலும் இது எடுபடாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு சட்டத்துக்கு எதிராக அரசாணை நிற்காது. குற்றம், தண்டனை, வரி எதையும் அரசாணையில் உருவாக்க முடியாது.

நிலவழக்கு:
குடியரசுத் தலைவர் வழியைப் பற்றி நான் எழுதுகிறேன், நிலம் கையகப்படுத்தலில் இதைத் தவிர்க்கவே முடியாது.

பொதுப் பட்டியலில் மாநிலச் சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு மோதினால் ஒன்றியச் சட்டம் வெல்லும். பிரிவு 254(2)இன்படி குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றிருந்தால் அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். மசோதா முதலில் ஒன்றிய உள்துறைக்குப் போகும். அது சம்பந்தப்பட்ட அமைச்சகங்களைக் கேட்கும், அவை எழுப்பும் ஆட்சேபங்கள் மாநிலத்துக்கு வரும், மாநிலம் பதில் எழுதும், மறுபடி போகும். நாள் போவது இந்தச் சுற்றில்தான்.

எல்லாரும் ஒத்துழைத்தால் எவ்வளவு வேகம் என்பதற்கு ஜல்லிக்கட்டு: 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 அன்று மசோதா நிறைவேற்றம், 31 அன்று குடியரசுத் தலைவர் இசைவு. பத்தே நாள். ஒத்துழைக்காவிட்டால் எவ்வளவு என்பதற்கு நீட்: 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறி, ஆளுநர் திருப்பி, 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடி நிறைவேறி, மே மாதம் டெல்லிக்குப் போய், இசைவு மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரல் 4 அன்று பேரவையில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய 2017 நீட் மசோதாக்களின் கதை இன்னும் மோசம். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இசைவு நிறுத்தப்பட்டுவிட்டது. ஊருக்குத் தெரிந்தது 2019 ஜூலையில், ஒன்றிய அரசு சென்னை உயர் நீதிமன்றத்தில் சொன்ன பிறகு.

இதில் பலர் தவறவிடுவது பிரிவு 201. குடியரசுத் தலைவர் மசோதாவைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். பேரவைக்கு ஆறு மாதக் கெடு உண்டு. மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் அவர் இசைவு தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆளுநருக்கு இருக்கும் அந்தக் கட்டு அவருக்கு இல்லை. ஆகவே ஒரு மசோதா ஆளுநர் மாளிகையில் இருப்பதும் டெல்லியில் இருப்பதும் ஒன்றல்ல.

இசைவு வாங்கிவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. எந்த ஒன்றியச் சட்டத்தோடு மோதுகிறது என்று குறிப்பிட்டுக் கேட்டால்தான் அந்த மோதலுக்கு இசைவு காப்பு தரும் என்று கைசர்-இ-ஹிந்த் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "பொதுவாக இசைவு தருக" என்று அனுப்பும் குறிப்பு பின்னால் காலை வாரும்.

நம் மாநிலத்தின் பெரிய பாடம் 105அ. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் வந்ததும், நம்முடைய மூன்று சட்டங்களை (1978 ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்பு, 1997 தொழில் நோக்க நில எடுப்பு, 2001 நெடுஞ்சாலைகள் சட்டம்) காப்பாற்ற ஒன்றியச் சட்டத்தில் 105அ என்ற பிரிவை மாநிலம் சேர்த்தது. அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் இசைவும் வந்தது. ஆனாலும் 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று சட்டங்களும் 2013இலேயே செல்லாமல் போய்விட்டன என்றது. செத்த சட்டத்துக்குப் பின்னால் விலக்குப் பிரிவு போட்டால் உயிர் வராது, சட்டத்தையே மறுபடி இயற்றி, அதற்கு இசைவு வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசு அதே மாதம் மறு உயிர்ப்பு மசோதாவைப் பேரவையில் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது. 2019 டிசம்பர் 2 அன்று இசைவு. மூன்று சட்டங்களும் 2013 செப்டம்பர் 26 முதல் மறுபடி செயல்படுவதாக முன்தேதியிட்டது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று அதை ஏற்றது. இடையில் எத்தனை நெடுஞ்சாலை நில எடுப்பு அந்தரத்தில் நின்றது என்பது அந்தக் கோப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஏற்போர்_ஆம்:
நல்ல பதிவு. ஒரு சேர்க்கை: உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதா என்றால் ஆளுநருக்கு வேறு வழியே இல்லை, ஒதுக்கியே ஆக வேண்டும். அப்போது "டெல்லிக்குத் தள்ளிவிட்டார்" என்று திட்டுவது வீண்.

புதுவாசகன்:
கச்சத்தீவுக்குப் பேரவையில் நிறைவேற்றியதும் இப்படித்தான் டெல்லியில் நிற்கிறதா?

கோட்டைக்கொத்தளம்:
அது மசோதாவே அல்ல, தீர்மானம். 2025 ஏப்ரல் 2 அன்று பேரவை தன் கருத்தைச் சொல்லி ஒன்றிய அரசை வலியுறுத்தியது, அவ்வளவுதான். அதற்கு இசைவும் வேண்டாம், அரசிதழில் சட்டமாகவும் வராது. செய்தியில் "ஒருமனதாக நிறைவேறியது" என்று பார்த்தால் முதலில் எது நிறைவேறியது என்று பாருங்கள்.

பொருநைக்கரை:
கடைசிக் கேள்வி. பேரவையின் ஆயுள் முடிந்தால், ஆளுநரிடமோ டெல்லியிலோ கிடப்பவை எல்லாம் காலாவதியா?

ஷரத்து200:
இல்லை. பிரிவு 196(5)இன்படி பேரவையில் நிலுவையில் இருக்கும் மசோதாதான் கலைப்போடு சாகும். கூட்டத்தொடர் முடித்துவைப்பால் சாகாது. நிறைவேறி இசைவுக்குக் காத்திருப்பது "பேரவையில் நிலுவை" ஆகாது என்று 1961இல் புருஷோத்தமன் நம்பூதிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரள விவசாய உறவுகள் மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது, ஜூலை 31 அன்று ஆட்சி கலைந்தது. குடியரசுத் தலைவர் அடுத்த ஆண்டு திருப்பி அனுப்பினார். புதிய பேரவை திருத்தங்களோடு நிறைவேற்றியது. கலைப்பால் மசோதா காலாவதியாகவில்லை என்றது நீதிமன்றம்.

அறிமுகம் செய்து ஆய்வுக்கு எடுக்காமல் விட்டது என்றால் போனது போனதுதான். புதிய பேரவையில் புதிய எண்ணோடு முதலிலிருந்து. டெல்லியில் இருப்பது திரும்பி வந்தால், அதை மறுபரிசீலனை செய்வது அப்போதிருக்கும் பேரவை. கையெழுத்தாகி வந்தால் நடைமுறைத் தேதியை அறிவிப்பது அப்போதிருக்கும் அரசு. அந்த அரசுக்கு அதில் விருப்பமில்லை என்றால் தேதி குறிக்காமலே விட்டுவிடலாம்.